நரம்பும் துளையும்: மாணவர் மேடையில் ஒலித்த ஒரு நகரம்



தோல், துளை, நரம்பு, கஞ்சம் என இசைக்கருவிகளை வகைப்படுத்தி, மனிதக் குரலையும் மிடற்றுக் கருவி என அவற்றோடு வைத்து எண்ணியது தமிழ் மரபு. ஒலி எதிலிருந்து பிறக்கிறதோ அதனைக் கொண்டே கருவிக்கு இனம் வகுத்த அப்பகுப்பு இன்றைக்கும் பயன் தருவது. மேலைநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றில் மாணவர் நிகழ்த்தும் இசை மாலைக்குச் செல்லும் தமிழர் அதனை மேடையிலேயே கண்டுகொள்ளலாம். நிகழ்ச்சியின் முற்பாதியில் மேடை முழுவதும் நரம்பு. பிற்பாதியில் துளையும் தோலும் கஞ்சமும். முன்னதனை நரம்பிசைக் குழு என்றும், பின்னதனைப் பேண்டு இசைக்குழு என்றும் வழங்கலாம். இரண்டிலும் அமர்ந்திருப்போர் மாணவரே. இசையையே பாடமாகக் கொண்டோரும் அவர்களுள் உண்டு; பகலில் வேதியியலோ பொறியியலோ பயின்று, மாலையில் கருவிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வருவோரும் உண்டு.

இத்தகைய மேடையை மதிப்பதில் அறிஞரிடையே ஒரு தயக்கம் காணப்படுகிறது. பயில்வோர் இசைப்பது பயிற்சி மட்டுமே, கலை என்பது தொழில்முறைக் கலைஞரிடத்தே உள்ளது என்பது அத்தயக்கத்தின் உட்கிடக்கை. மாணவர்க்கு எளிய மெட்டுகளும் இனிய மெட்டுகளும் போதும், ஒரு காலத்தின் துயரத்தைச் சுமக்கும் படைப்புகள் அவர்க்கு ஏற்றவை அல்ல என்பது அதன் நீட்சி. இளங்கவிஞர் கூடும் இலக்கிய வட்டங்களைப் பற்றியும் இதே பேச்சு எழுவதை இவ்வவையோர் அறிவர். ஆகவே அக்கருத்தில் உண்மை எவ்வளவு என்று ஆராய்வது கவிஞர் அவைக்கும் உரிய பொருளே.

இவ்வாராய்ச்சிக்கு இரண்டு படைப்புகள் சான்றாகக் கொள்ளப்படுகின்றன. ஒன்று நரம்பிசைக் குழுவுக்காக 1943இல் எழுதப்பட்டது. மற்றொன்று பேண்டு இசைக்குழுவுக்காக 1968இல் எழுதப்பட்டது. இரண்டனையும் ஆக்கியோர் செக் நாட்டில் பிறந்தோர். இரண்டும் இன்று பல பல்கலைக்கழக மேடைகளில் மாணவரால் இசைக்கப்படுகின்றன.

இரு குழுக்களின் அமைப்பு

நரம்பிசைக் குழுவில் ஐந்து பிரிவுகள் உண்டு. முதல் வயலின், இரண்டாம் வயலின், வயோலா, செல்லோ, டபுள் பாஸ் என அவை உயர்ந்த ஒலியிலிருந்து தாழ்ந்த ஒலிக்குப் படிப்படியாக இறங்குவன. வயலின் தமிழர்க்குப் புதிய கருவி அன்று. முத்துசாமி தீட்சிதரின் இளவல் பாலுசாமி தீட்சிதர் காலந்தொட்டு அது கருநாடக இசைக்குரிய கருவியாகவே ஆகிவிட்டது. ஆயினும் இங்கு அது பாடகரின் குரலைப் பின்தொடரும் தனிக்கருவி; அங்கோ பத்துப் பன்னிருவர் ஒரே வரியை ஒரே வேளையில் இசைப்பர். அவர்தம் வில்கள் ஒன்றாக மேலேறி ஒன்றாகக் கீழிறங்கும். ஒருவரது வில் மாறிச் சென்றாலும் அவையோரின் கண்ணுக்கு அது தப்பாது.

பேண்டு இசைக்குழு இதனினும் பலவகைப்பட்டது. புல்லாங்குழல், அதனினும் சிறிய பிக்கலோ, ஓபோ, பசூன், கிளாரினெட், சாக்ஸஃபோன் ஆகியவை ஒருபுறம். டிரம்பெட், ஹார்ன், டிராம்போன், யூஃபோனியம், டியூபா ஆகிய பித்தளைக் கருவிகள் மறுபுறம். பின்வரிசையில் முரசுகளும் மணிகளும் தாளத் தகடுகளும். நரம்பிசையில் வயலின் பெறும் இடத்தை இங்குக் கிளாரினெட்டுகள் பெறுகின்றன. நரம்பிசைக் குழு வினாடிக்கு 440 அதிர்வுகள் கொண்ட சுரத்தை ஒட்டிச் சுருதி சேர்க்கும். பேண்டு இசைக்குழுவோ பெரும்பாலும் அதற்கு அடுத்துள்ள அரைச் சுரத்தை ஒட்டிச் சேர்க்கும். பித்தளைக் கருவிகள் பலவற்றின் இயல்பான அடிச்சுரம் அதுவாதலால்.

இரு குழுவுக்கும் பொதுவான இயல்பு ஒன்று கவிஞர் சிந்தனைக்கு உரியது. முழுப் படைப்பும் எழுதப்பட்ட சுர ஏடு இசை நடத்துநர் முன் மட்டுமே விரிந்திருக்கும். ஏனையோர் ஒவ்வொருவர் முன்னும் அவரவர் இசைக்க வேண்டிய வரி மட்டும் எழுதிய தனி ஏடு இருக்கும். டிராம்போன் இசைக்கும் மாணவரின் ஏட்டில் பல இடங்களில் சுரமே இராது. இத்தனை தாளவட்டம் காத்திரு என்னும் எண் மட்டுமே இருக்கும். அவர் வாய் திறவாமல் எண்ணிக்கொண்டு, பிறர் இசைப்பதைக் கேட்டுக்கொண்டு, தம் முறை வரும்போது பிசகாமல் நுழைதல் வேண்டும். முழுமை எவர் கையிலும் இல்லை. ஆயினும் ஒவ்வொருவர் கையிலும் உள்ள துண்டு இன்றி முழுமை இல்லை. பின்னர்க் கூறவிருக்கும் செய்தி ஒன்றுக்கு இவ்வியல்பே அடிப்படை.

பயில்வோர்க்கென எழுதியோர்

பயில்வோர் மேடை தாழ்ந்தது என்னும் கருத்துக்கு இசை வரலாறே மறுப்புக் கூறுகிறது. ஆங்கில இசையறிஞர் கஸ்தாவ் ஹோல்ஸ்ட் 1905 முதல் லண்டன் புனித பவுல் பெண்கள் பள்ளியில் இசையாசிரியராகப் பணியாற்றினார். வடமொழி பயின்று இருக்கு வேதப் பாடல்களுக்கு இசையமைத்தவர் என்ற வகையில் இந்தியர் அறிந்த பெயர் அவருடையது. அப்பள்ளி மாணவியர் இசைப்பதற்காகவே அவர் எழுதிய நரம்பிசைத் தொகுப்பு இன்று உலகின் முன்னணிக் குழுக்கள் இசைக்கும் படைப்பாக விளங்குகிறது. பேண்டு இசைக்கென 1909இல் அவர் எழுதிய முதல் தொகுப்பு, அத்துறையின் அடித்தளமாகவே போற்றப்படுகிறது. நரம்புக்கும் துளைக்கும் ஒரே கை ஒரே மதிப்போடு எழுதியது நோக்கத்தக்கது.

பிராக் நகர இசைக்கல்லூரியில் துவோர்ஷாக்கிடம் பயின்ற யோசெஃப் சுக், தம் பதினெட்டாம் வயதில், 1892இல், நரம்பிசைக்கான ஒரு மாலைப்பண் தொகுப்பை எழுதினார். துயரச் சுவையே மிகுதியாக எழுதிவந்த மாணவரை மகிழ்வான ஒன்றை எழுதுமாறு ஆசிரியர் தூண்டியதன் விளைவு அது. நூறாண்டு கடந்தும் அது மேடையைவிட்டு இறங்கவில்லை.

பேண்டு இசையின் வரலாறு வேறு. அது படைவீட்டிலும் அணிவகுப்பிலும் பூங்காக்களிலும் வளர்ந்தது. 1846இல் அடால்ஃப் சாக்ஸ் உரிமை பெற்ற சாக்ஸஃபோனும் படைக்குழுக்களின் வழியாகவே பரவியது. அமெரிக்காவில் அதனைப் பல்கலைக்கழக மேடைக்குக் கொணர்ந்தோருள் முதல்வர் இல்லினாய்ப் பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் ஆஸ்டின் ஹார்டிங் ஆவார். அணிவகுப்பு இசைக்குப் பெயர்பெற்ற ஜான் பிலிப் சூசா தம் இசை ஏட்டுத் தொகுதியை அப்பல்கலைக்கழகத்திற்கே விட்டுச்சென்றார். 1952இல் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் ஈஸ்ட்மன் இசைப்பள்ளியில் ஃபிரெடெரிக் ஃபென்னெல், ஒரு வரிக்கு ஒருவர் என்னும் நெறியில் காற்றுக்கருவிக் குழு ஒன்றை அமைத்தார். கூட்டத்துள் மறைந்திருந்த மாணவர் ஒவ்வொருவரும் தம் வரிக்குத் தாமே பொறுப்பேற்க வேண்டியவரானார்.

இத்தனைக்குப் பின்னும் பேண்டு இசைக்கு ஒரு குறை இருந்தது. பெரும் இசைக்குழுக்களுக்கென எழுதப்பட்ட படைப்புகளை மாற்றியமைத்து இசைப்பதே அதன் வழக்கமாயிருந்தது. இரவல் ஆடை அணிந்தவர் போல் அது நின்றது. தனக்கேயுரிய பெரும்பொருளை ஒருவர் தன்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்று அது காத்திருந்தது. அந்த ஒப்படைப்பு 1968இல் நிகழ்ந்தது. அதற்கு முன், நரம்பிசைக்கு ஒப்படைக்கப்பட்ட ஒரு துயரப் பொருளை அறிதல் வேண்டும்.

தெரேசினில் எழுதிய நரம்பிசை

1939 மார்ச்சில் நாசிப் படைகள் பிராக் நகரில் புகுந்தன. அவ்வாண்டு நவம்பர் 17ஆம் நாள் செக் பல்கலைக்கழகங்கள் யாவும் மூடப்பட்டன. மாணவர் இயக்கத்தைச் சார்ந்த ஒன்பதின்மர் கொல்லப்பட்டனர். 1,200க்கும் மேற்பட்ட மாணவர் சாக்சன்ஹௌசன் முகாமுக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். பிராக் பல்கலைக்கழகம் 1348இல் நிறுவப்பட்டது. ஏறத்தாழ அறுநூறு ஆண்டு நின்ற கல்விச்சாலையின் கதவு ஒரு பகலில் சாத்தப்பட்டது. அங்கு இசையியல் பயின்றுகொண்டிருந்த கிடியோன் கிளைன் என்னும் இளைஞரும் அதனால் வெளியே நின்றார்.

பிராகுக்கு வடக்கே உள்ள தெரேசின் என்னும் கோட்டை நகரை 1941 இறுதியில் நாசிகள் யூதர்க்கான அடைப்பிடமாக்கினர். அங்கே பசியாலும் நோயாலும் மாண்டோர் ஏறத்தாழ 33,000 பேர். அங்கிருந்து கிழக்கே கொலைமுகாம்களுக்கும் பிற இடங்களுக்கும் அனுப்பப்பட்டோர் ஏறத்தாழ 88,000 பேர். அவ்விடத்தில் அடைக்கப்பட்டோருள் கிளைன் ஒருவர். யானாச்செக்கிடம் பயின்ற பாவெல் ஹாஸ் மற்றொருவர். பிர்னோ நகரத்தவரான ஹாஸ், வேற்றினத்தவரான தம் மனைவியையும் மகளையும் காக்கும்பொருட்டுச் சட்டப்படி மணவிலக்குப் பெற்றுத் தனியராய் அங்குச் சென்றவர். நோயுற்று, மனஞ்சோர்ந்து, எழுதுவதையே விட்டிருந்த அவரை மீண்டும் எழுதத் தூண்டியவர் அவரினும் இருபதாண்டு இளையவரான கிளைன் என்பர்.

அடைபட்டோருள் வயலினும் செல்லோவும் இசைக்கக் கூடியோரைத் திரட்டி நரம்பிசைக் குழு ஒன்றை நடத்தினார் கரேல் ஆஞ்செர்ல் என்னும் இளம் இசை நடத்துநர். அக்குழுவுக்கென ஹாஸ் 1943இல் எழுதியதே 'நரம்பிசைக்கான பயிற்சிப் படைப்பு'. இசைக்கப் பத்து நிமிடம்கூட ஆகாது. பெயரும் அடக்கமானது, பயில்வோர்க்குரிய சொல்லையே அது தாங்கி நிற்கிறது. ஒரு குரல் தொடங்கிய சுரத்தொடரை மற்றொரு குரல் எடுத்துக்கொள்ள, அதனை மூன்றாவது குரல் எடுத்துக்கொள்ள, ஒவ்வொன்றும் தன்வழி ஓடி ஒன்றோடொன்று பின்னும் முறையில் அது விரைந்து செல்கிறது. இடையே ஒருமுறை ஓட்டம் தணிந்து, மிக மெதுவான பகுதி வருகிறது. பின்னர் மீண்டும் விரைவு.

1944இல் உலகை ஏமாற்றும்பொருட்டு நாசிகள் தெரேசினைப் பற்றிப் படம் ஒன்று எடுத்தனர். அடைபட்டோர் இன்புற்று வாழ்வதாகக் காட்டிய அப்படத்தில் ஆஞ்செர்லின் குழு இப்படைப்பை இசைப்பதும் இடம்பெற்றது. படப்பிடிப்பு முடிந்த சில வாரங்களில், அக்டோபரில், ஹாஸும் ஆஞ்செர்லும் கிளைனும் ஆஷ்விட்ஸுக்கு அனுப்பப்பட்டனர். ஹாஸ் அங்கே கொல்லப்பட்டார். கிளைன் மற்றொரு முகாமில் 1945 ஜனவரியில் மாண்டார். ஆஞ்செர்லின் மனைவியும் கைக்குழந்தையும் கொல்லப்பட்டனர். அவர் மட்டும் தப்பினார். இசை இவர்களைக் காத்தது என்று கூறுவதற்கு இல்லை. அங்ஙனம் கூறுவது மாண்டோர்க்குச் செய்யும் அநீதி.

ஆனால் இவர்கள் இசையைக் காத்தனர். போர் முடிந்தபின் ஆஞ்செர்ல் தெரேசினுக்குத் திரும்பிச் சென்று, இசைத்தோர் பயன்படுத்திய தனி ஏடுகளைக் கண்டெடுத்தார். வயலின் ஏடு கிடைத்தது. வயோலா ஏடு கிடைத்தது. செல்லோ ஏடு கிடைத்தது. டபுள் பாஸ் ஏடு மட்டும் கிடைக்கவில்லை. எஞ்சிய ஏடுகளை ஒப்புநோக்கி, அவ்வரி எவ்வாறு இருந்திருக்கும் என்று உய்த்துணர்ந்து நிரப்பியவர் ஹாஸின் மாணவரும் அவரது வாழ்க்கை வரலாற்றை எழுதியவருமான லுபோமீர் பெடுட்ஸி. ஏட்டுச்சுவடிகளைத் தேடித் தொகுத்துச் சிதைந்த இடங்களைப் பிற சுவடிகளோடு ஒப்பிட்டுப் பதிப்பித்த உ.வே.சா.வின் உழைப்பை அறிந்த தமிழர்க்கு இவ்வுழைப்பின் அருமையை விளக்க வேண்டுவதில்லை.

முழுமை எவர் கையிலும் இல்லை என்று மேலே கூறப்பட்டதை ஈண்டு நினைவுகூர்தல் தகும். ஆசிரியர் மாண்டார், இசைத்தோரில் பலர் மாண்டனர், ஒவ்வொருவர் முன்னும் இருந்த துண்டு ஏடுகளே எஞ்சின. அத்துண்டுகளிலிருந்து முழுமை மீண்டது. இன்று பல்கலைக்கழக மேடையில் டபுள் பாஸ் இசைக்கும் மாணவர், இல்லாமற்போன ஒருவரின் ஏட்டுக்கு மாற்றாக எழுதப்பட்ட வரியை இசைக்கிறார். அதனை அறிந்து இசைக்கும் மாணவரின் வில்லுக்கு எடை கூடாதிருக்குமோ?

இத்தாக்காவில் எழுதிய துளையிசை

பல்கலைக்கழகக் கதவுகள் மூடப்பட்ட அக்காலத்தில் பிராகில் பொறியியல் கற்கச் சென்று, அக்கல்வி தடைப்பட்டு, 1941இல் இசைக்கல்லூரியில் சேர்ந்த இளைஞர் ஒருவர் இருந்தார். 1921இல் அந்நகரிலேயே பிறந்த கரேல் ஹூசா அவர். போருக்குப்பின் பாரிசுக்குச் சென்று பயின்ற அவர், 1948இல் தாய்நாட்டில் ஆட்சி மாறியதும் திரும்பிச் செல்லாமல் அயலகத்திலேயே தங்கினார். 1954 முதல் அமெரிக்காவில் நியூயார்க் மாநிலத்தின் இத்தாக்கா நகரில் கார்னெல் பல்கலைக்கழகப் பேராசிரியராகப் பணியாற்றினார்.

1968இன் தொடக்கத்தில் செக்கோஸ்லோவாகியாவில் அலெக்சாந்தர் துப்செக் தலைமையில் தணிக்கை தளர்ந்தது. எழுத்தாளர் நா அவிழ்ந்தது. அவ்விளவேனில் எட்டு மாதமே நீடித்தது. ஆகஸ்ட் 20ஆம் நாள் நள்ளிரவில் சோவியத் ஒன்றியமும் அதன் நட்பு நாடுகள் சிலவும் அனுப்பிய படைகள் எல்லை கடந்தன. காலையில் பிராக் தெருக்களில் பீரங்கி வண்டிகள் நின்றன. இத்தாக்காவில் ஏரிக்கரை இல்லத்தில் இருந்த ஹூசா அச்செய்தியை வானொலியில் கேட்டார். அவரால் செய்யக்கூடியது எழுதுவது ஒன்றே. அந்நகரிலேயே உள்ள இத்தாக்கா கல்லூரியின் மாணவர் பேண்டு இசைக்குழு புதிய படைப்பொன்று வேண்டும் என அவரைக் கேட்டிருந்தது. புகழ்மிக்க பெரும் இசைக்குழு ஒன்றை நாடி அவர் செல்லவில்லை. தம் நகரத்தின் துயரத்தை அம்மாணவர் கையிலேயே ஒப்படைத்தார். 'பிராகுக்கான இசை 1968' அங்ஙனம் பிறந்தது.

இவ்வொப்படைப்பில் பொருத்தமும் உண்டு. படையெடுப்பைப் பாடுவதற்குப் படைவீட்டில் பிறந்த கருவிகளினும் ஏற்றவை எவை? வெற்றி முழக்கத்திற்கென ஆகிய டிரம்பெட் இங்கே அபாயக் குரலாகிறது. அணிவகுப்புக்கென ஆகிய முரசு இங்கே அச்சுறுத்தலாகிறது. கருவி அதுவே, பொருள் தலைகீழாகிறது. மரபான சொற்களை எடுத்து, அவை நேற்றுவரை சொல்லாத பொருளைச் சொல்லவைக்கும் கவிஞர் செயலை ஒத்தது இது.

படைப்பு நான்கு அங்கங்களை உடையது. மிக மெல்லிய ஒலியில் பிக்கலோவின் தனிக்குரலோடு அது தொடங்குகிறது. அது பறவைக் குரல், விடுதலையின் குறியீடு. அதன் அடியில் மூன்று சுரக்கூட்டுகள் மெல்லத் தோன்றுகின்றன. பின்னர் அவையே அச்சமூட்டும் பேரொலியாகத் திரும்பி வருகின்றன. இரண்டாம் அங்கத்தில் சாக்ஸஃபோன்கள் முன்னின்று நீண்ட புலம்பலை எடுக்கின்றன. மூன்றாம் அங்கம் முழுவதும் தோலும் கஞ்சமுமே. கோபுரங்கள் நிறைந்த பிராக் நகரில் இடர் வந்தபோதும் வெற்றி வந்தபோதும் ஒலித்த மணிகள் அதில் கேட்கின்றன. அவ்வங்கத்தின் முடிவில் சிறுமுரசின் ஒலி தணியாது பெருகி, இடைவெளி இன்றி இறுதி அங்கத்துள் பாய்கிறது. இவை அனைத்தினூடும் பழம்பாடல் ஒன்றின் மெட்டுத் துண்டுகள் அலைகின்றன.

1969 ஜனவரி 31ஆம் நாள், வாஷிங்டன் நகரில், இசையாசிரியர் மாநாட்டில், கென்னத் ஸ்நாப் நடத்த, இத்தாக்கா கல்லூரி மாணவர் அதனை முதன்முறையாக இசைத்தனர். அதற்குப் பன்னிரண்டு நாள் முன்னர்தான், படையெடுப்புக்குப்பின் நாட்டில் படர்ந்த சோர்வைப் பொறாது தன் உடலுக்குத் தீயிட்டுக்கொண்ட பிராக் பல்கலைக்கழக மாணவர் யான் பாலாக் உயிர் நீத்திருந்தார். கடலுக்கு அப்பால், அவரை ஒத்த வயதினர், அவர் நகரத்தின் மெட்டை இசைத்துக்கொண்டிருந்தனர். அவ்வாண்டில் அமெரிக்கா வியட்நாமில் போரிட்டுக்கொண்டிருந்தது என்பதையும் மறத்தலாகாது. ஒரு பெரும்படையால் நசுக்கப்பட்ட சிறுநாட்டின் குரல், மற்றொரு பெரும்படையின் தலைநகரில் ஒலித்தது. கேட்டோர் அவரவர் மனத்துக்கேற்பப் பொருள் கொண்டிருப்பர்.

பேண்டு இசைக்கென எழுதியதனைப் பின்னர்ப் பெரும் இசைக்குழு இசைக்கும்படி ஹூசாவே மாற்றியமைத்தார். அவ்வடிவம் 1970 ஜனவரியில் மியூனிக் நகரில் அரங்கேறியது. பெரும் இசைக்குழுவின் படைப்புகளை இரவல் வாங்கிய பேண்டு, இம்முறை பெரும் இசைக்குழுவுக்குக் கொடுத்தது. மாணவர் மேடையில் முதலில் ஒலித்ததே மூலம்.

சொல்லில்லாப் பாடல்

மெட்டுத் துண்டுகளாக அலையும் பழம்பாடல் எது? பதினைந்தாம் நூற்றாண்டில் செக் மொழியில் எழுந்த ஹுஸ் நெறியாளரின் போர்ப்பாடல் அது. யான் ஹுஸ் பிராக் பல்கலைக்கழகத்தின் தலைமைப் பொறுப்பை 1409இல் ஏற்ற சமயச் சிந்தனையாளர். மக்கள் மொழியில் போதித்தவர். செக் மொழியின் எழுத்துமுறையைச் சீர்திருத்திய நூல் ஒன்றும் அவருடையதாகக் கருதப்படுகிறது. சமயத் தலைமையோடு முரண்பட்டதால் 1415இல் உயிரோடு எரிக்கப்பட்டார். அவர் வழிவந்தோர் பாடிய பாடல் செக் மக்களின் எதிர்ப்புக்கும் நம்பிக்கைக்கும் அடையாளமாயிற்று. ஸ்மெட்டனா தம் 'என் தாயகம்' என்னும் தொகுப்பில் இரு பகுதிகளை அம்மெட்டின்மீதே கட்டினார்.

பேண்டு இசையில் பாடுவோர் இல்லை. ஆகவே சொல் இல்லை. ஆயினும் நாகசுரத்தில் அறிந்த கீர்த்தனை ஒன்று ஒலிக்கும்போது, கேட்பவர் மனத்துள் அதன் சொற்கள் தாமே எழுவது தமிழர் பட்டறிவு. செக் மக்களுக்கு அம்மெட்டு அத்தகையது. மாற்றார் ஆட்சியில் அச்சொற்களை வாய்விட்டுப் பாட இயலாதபோதும் மெட்டைத் தடுக்க இயலாது. ஆனால் அமெரிக்க மாணவர்க்கும் அவர்தம் அவையோர்க்கும் அச்சொற்கள் தெரியா. இவ்விடர்ப்பாட்டை ஹூசா உணர்ந்திருந்தார். பாடல், மணி, பறவைக் குரல் ஆகியவை எவற்றைக் குறிக்கின்றன என்று சிறு முன்னுரை எழுதினார். அதனை நிகழ்ச்சி நிரலில் முழுமையாக அச்சிடுதல் வேண்டும், அன்றேல் இசைக்குமுன் அவையோர்க்குப் படித்துக்காட்டுதல் வேண்டும் என்பது அவர் விருப்பம். ஆகவே மாணவர் இதனை இசைக்கும் மாலையில் ஒருவர் எழுந்து உரைநடைப் பத்திகள் சிலவற்றைப் படிக்கிறார். அதன்பின்னரே பிக்கலோ தொடங்குகிறது.

இசைக்குச் சொல் துணை வேண்டுமா என்னும் வினா நெடுநாள் வழக்கு. தூய இசை தன்னளவில் நிறைவுடையது என்போர் இம்முன்னுரையைக் குறையாகக் கருதக்கூடும். ஆனால் ஹூசா இசையை விளக்குவதற்காக அதனை எழுதவில்லை. இசைப்போர்க்கும் கேட்போர்க்கும் ஒரு பொறுப்பை உணர்த்துவதற்காகவே எழுதினார். இது நடந்தது, இந்த நகரில் நடந்தது, இந்த ஆண்டில் நடந்தது என்று சொல்லும் பொறுப்பு அது. தலைப்பிலேயே ஆண்டினை எழுதியதும் அதற்காகவே. சங்கப் புறப்பாடல்களின் அடியில் திணையும் துறையும் பாடியவர் பெயரும் பாடிய சூழலும் குறித்துவைத்த தொகுப்பாளரின் கருத்தும் இதனோடு ஒத்ததே. குறிப்பு இல்லாவிடினும் பாடல் இனிக்கும். குறிப்போடு படிக்கும்போது ஒருவர் வாழ்வு அதனுள் தெரிகிறது.

முன்னுரையில் மற்றொரு செய்தியும் உண்டு. அப்பழம்பாடல் முழுமையாக எங்கும் இசைக்கப்படுவதில்லை. தொடக்கத்தில் முரசில் மெல்லக் கேட்டது, இறுதியில் பலர் ஒரே குரலாக எடுக்கும் பேரொலியாக எழுகிறது. ஆயினும் பாடல் முடிவதில்லை. 1968இல் அதனை முடித்து எழுதுவது பொய்யாகியிருக்கும். நகரம் அடங்கிக் கிடந்தது. பாடலும் பாதியில் நின்றது.

மாணவர்க்கு ஒப்படைத்தல்

அப்பாடல் எவ்வாறு தொடர்ந்தது என்பதை வரலாறு காட்டுகிறது. 1989 நவம்பர் 17ஆம் நாள், பல்கலைக்கழகங்கள் மூடப்பட்டதன் ஐம்பதாம் ஆண்டு நினைவாகப் பிராக் மாணவர் ஊர்வலம் சென்றனர். காவலர் அவர்களை அடித்து விரட்டினர். அதிலிருந்து தொடங்கிய எழுச்சி சில வாரங்களில் ஆட்சியையே மாற்றியது. 1990 பிப்ரவரியில் ஹூசா தாம் பிறந்த நகரில் தம் படைப்பைத் தாமே நடத்தினார். எழுதி இருபத்தோர் ஆண்டு கடந்திருந்தது. அவ்விடைக்காலத்தில் அப்படைப்பு உயிரோடிருந்தது எங்கே? கல்லூரிகளிலும் பல்கலைக்கழகங்களிலும் ஆண்டுதோறும் அதனைப் புதிதாக எடுத்து, வாரக்கணக்கில் பயின்று, ஒருநாள் மாலையில் இசைத்துவிட்டுப் பட்டம் பெற்றுச் சென்ற மாணவரிடத்தே. அவர்களுள் மிகப் பலர் பின்னாளில் இசையைத் தொழிலாகக் கொள்ளாதவர். ஆயினும் பிராகின் பெயரைத் தம் மூச்சால் சொன்னவர்.

தெரேசினில் ஹாஸின் படைப்பை நடத்திய ஆஞ்செர்லும் இக்கதையில் மீண்டும் வருகிறார். 1950 முதல் செக் பிலார்மோனிக் குழுவின் தலைமை நடத்துநராக விளங்கிய அவர், 1968 படையெடுப்புக்குப்பின் கனடாவில் குடியேறி, டொரன்டோ இசைக்குழுவை நடத்தி, 1973இல் மறைந்தார். 1943இன் துயரத்தையும் 1968இன் துயரத்தையும் ஒரே வாழ்வில் கண்டவர் அவர். ஹூசா 2016 டிசம்பரில், தம் 95ஆம் வயதில் மறைந்தார்.

தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு இனி விடை கூறலாம். தொழில்முறைக் குழுவின் நுட்பம் மாணவர் குழுவில் இராது. அதனை மறுக்க வேண்டியதில்லை. வில் நடுங்கும், பித்தளைச் சுரம் சில வேளை பிசகும். ஆனால் கலையை ஒரு தலைமுறையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்வோர் நுட்பத்தில் முதிர்ந்தோர் மட்டும் அல்லர். பாரமான பொருளைப் பயில்வோர் கையில் நம்பிக் கொடுப்போர் இருக்கும்வரை அப்பொருள் அழிவதில்லை. ஹாஸ் 'பயிற்சி' எனப் பெயரிட்டதும், ஹூசா கல்லூரிக் குழுவுக்கு எழுதியதும் அந்நம்பிக்கையின் இரு வடிவங்கள். இளையோர்க்கு எளியவை போதும் என்று ஒதுக்குவது அவர்களைக் காப்பதாகாது. அவர்க்குரிய மரபுரிமையை மறுப்பதே ஆகும்.

பத்தாண்டு நிறைவு காணும் இலக்கிய வட்டத்திற்கும் இதில் ஒரு பயன் உண்டு. வட்டத்தில் ஒவ்வொருவரும் கொணர்வது ஒரு துண்டு ஏடே. ஒருவர் படிக்கும்போது ஏனையோர் எண்ணிக் காத்திருந்து கேட்பதும் படைப்பின் பகுதியே. முதற்கவிதையோடு வரும் இளைஞர்க்குத் தலைதடவிப் பாராட்டு மட்டும் கொடுத்து அனுப்பாமல், சுமக்க வேண்டிய பொருள் ஒன்றையும் கொடுத்தனுப்புதல் மூத்தோர் கடன். ஒருவேளை ஒரு நாள், முழு ஏடு தொலைந்துபோன காலத்தில், அவர் கையிலிருக்கும் துண்டிலிருந்தே எஞ்சியதைத் தேட வேண்டி வரலாம்.